நாய்க்குப் பரங்கிக்காய் பிஸ்கட்: வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பொன்னி எங்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய். ஐந்து வருடமாக வீட்டுக்குள் இருக்கிறாள். தெருமுனை டீக்கடையில் கண்ணாடி ஜாடியின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாலும் காது நிமிர்ந்துவிடும். அந்த ஜாடியில் இருப்பது பொறை. காலையில் ஒன்று, சாயங்காலம் இரண்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் ஆசையாகப் போடுவது தனி. போன வருடம் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது கால்நடை மருத்துவர் அவளை எடை மேடையில் நிற்கவைத்தார். 14 கிலோ இருக்கவேண்டியவள் 17 கிலோ இருந்தாள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை. "சாப்பாட்டைக் குறைக்கிறதுக்கு முன்னாடி அந்த பிஸ்கட்டை நிறுத்துங்கம்மா" என்றார்.

மைதா, சர்க்கரை, எண்ணெய் சேர்ந்த சாதாரண டீ பிஸ்கட் ஒன்றிலேயே 20 முதல் 25 கலோரி இருக்கிறது. ஆனால் கையை நீட்டும்போது ஒன்றுமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூப்பிட்டால் வருவதற்கும், நகம் வெட்டும்போது பொறுத்துக்கொள்வதற்கும் ஏதாவது ஒன்று கொடுத்தாகத்தான் வேண்டும். அப்படித்தான் பரங்கிக்காயிடம் வந்து சேர்ந்தேன். இப்போது பத்து நாளுக்கு ஒரு ஈடு போடுகிறேன். பல தடவை செய்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இந்த பிஸ்கட்டில் கவனிக்கவேண்டிய பொருள் தண்ணீர். பரங்கியின் நல்லது அதன் ஈரத்தில் இருக்கிறது. பிஸ்கட் கெட்டுப்போவதும் அதே ஈரத்தால்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த ஈரத்தை எவ்வளவு வைப்பது, எப்போது எடுப்பது என்பதைப் பற்றியதுதான்.

எந்தப் பூசணி?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நமக்கு வேண்டியது உள்ளே மஞ்சளாக, ஆரஞ்சாக இருக்கும் காய். சென்னையிலும் தஞ்சாவூர்ப் பக்கமும் பரங்கிக்காய், கோயம்புத்தூர்ப் பக்கம் அரசாணிக்காய், வேறு ஊர்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி. இலங்கையில் வெறுமனே பூசணிக்காய் என்றாலே இதுதான். வெள்ளையை அங்கே நீத்துப்பூசணி என்பார்கள். அந்த வெள்ளைப் பூசணி வேறு இனம். விஷமில்லை, ஆனால் அதில் மாவைச் சேர்த்துப் பிடிக்கும் சதைப்பற்று கிடையாது. இந்த பிஸ்கட்டுக்கு உதவாது.

(வெள்ளைப் பூசணி என்றதும் இன்னொன்று. ஆயுத பூஜை அன்று திருஷ்டி சுற்றித் தெருவில் உடைத்த பூசணியில் குங்குமம், சுண்ணாம்பு, சில்லறைக் காசு எல்லாம் இருக்கும், மேலே கற்பூரம் எரிந்திருக்கும். கற்பூரம் நாய்க்கு நஞ்சு. அன்றைக்கும் மறுநாளும் வெளியே கூட்டிப்போனால் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.)

முழுக் காயாக வாங்கினால் காம்பு காய்ந்து காயோடு ஒட்டியிருக்கவேண்டும், தோலில் நகம் இறங்கக் கூடாது, அளவுக்கு மீறிக் கனக்கவேண்டும். அப்படிப்பட்ட காய் காற்றோட்டமான இடத்தில் மாதக் கணக்கில் கெடாமல் இருக்கும். பொங்கல் சந்தையில் வாங்கி வைத்தால் மாசி வரைக்கும் கவலையில்லை. ஒரு நாய்க்கு முழுக் காய் அதிகம்தான், பத்தையாக வாங்கினாலே போதும். எங்கள் காய்கறிக்கார அக்காவிடம் கேட்டால், "இது நேத்து வெட்டினதும்மா, பரவாயில்லைன்னா எடுத்துக்கோங்க, இல்லேன்னா புதுசு உடைக்கிறேன்" என்பார். நான் புதிதை உடைக்கச் சொல்வேன். வெட்டின பரங்கியில் விதையை ஒட்டிய நார்ப்பகுதி ஒரே நாளில் வழுவழுப்பாகிவிடும். வழுவழுப்பு வந்த பத்தை வேண்டாம். வெளிர்மஞ்சள் நிறத்தில் இளசாக இருப்பதும் வேண்டாம், அதில் தண்ணீர்தான் அதிகம். நல்ல ஆரஞ்சு நிறத்தில் முற்றியதாகப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னத் துண்டு ஒன்றை வேகவைத்து நீங்களே வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுவதையும் தூக்கிப் போடுங்கள். பூசணி, சுரை, வெள்ளரிக் குடும்பத்துக் காய்களில் எப்போதாவது குக்கர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் ஏறிவிடும். அது மனிதருக்கும் நாய்க்கும் கடுமையான வாந்தி, பேதி கொடுக்கும், வேகவைத்தாலும் போகாது. கசப்புச் சுரைக்காயைப் பற்றி நம் பாட்டிமார் சொன்ன அதே எச்சரிக்கைதான் இது.

பரங்கியில் என்ன இருக்கிறது

100 கிராம் பரங்கியில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர். கலோரி 20 முதல் 26 வரைதான். கொஞ்சம் நார்ச்சத்து, பொட்டாசியம், நிறத்தைத் தருகிற பீட்டா கரோட்டின். பூனையின் உடம்பால் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ள முடியாது, நாயால் முடியும். நார்ச்சத்தில் கரையும் பகுதி குடலில் தண்ணீரைப் பிடித்துக் கூழாகிறது. அதனால்தான் மலம் இளகினாலும் இறுகினாலும் வெறும் பரங்கிக் கூழ் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

பரங்கியை மருந்தாக நினைத்துவிடவேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பேதி ஒரு நாளைக்கு மேல் நீடித்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், வாந்தியும் சேர்ந்தால் நேரே மருத்துவரிடம் போங்கள். அதிலும் தடுப்பூசி முழுவதும் முடியாத குட்டி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். அது பார்வோ வைரஸாக இருக்கலாம். பார்வோவில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

கிட்டவே வைக்கக் கூடாதவை

நம் வீட்டுப் பரங்கிக்காய்க் கூட்டில் மீந்ததை எடுத்து வைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் பொடியாக இருந்தாலும் அப்படித்தான். உப்பும் மிளகாயும் வேறு சேர்ந்திருக்கும். நாய்க்குரிய பரங்கியைத் தாளிப்பதற்கு முன், உப்புப் போடுவதற்கு முன் தனியாக எடுத்துவிடவேண்டும்.

வெளிநாட்டுப் பூசணிக் குறிப்புகளில் ஜாதிக்காய் வரும். நாய்க்கு ஜாதிக்காய் ஆகாது. டின்னில் வரும் பூசணியை வாங்கினால் வெறும் பூசணி மட்டும்தானா என்று பாருங்கள். 'பை ஃபில்லிங்' என்று போட்டிருந்தால் அதில் சர்க்கரையும் மசாலாவும் கலந்திருக்கும். திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட், ஈஸ்ட் போட்டுப் பொங்கிய பச்சை மாவு எதுவும் வேண்டாம். பேக்கிங் சோடாவும் தேவையில்லை. நாய்க்கு பிஸ்கட் உப்பி வரவேண்டும் என்ற கட்டாயம் என்ன இருக்கிறது?

எல்லாவற்றிலும் மோசமானது சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில மிட்டாய்கள், சில வேர்க்கடலை வெண்ணெய்களில் இனிப்புக்காகச் சேர்க்கிறார்கள். பொருள் பட்டியலில் பிர்ச் சர்க்கரை என்றோ ஈ967 என்றோ இருந்தாலும் அதுதான். மனிதருக்குத் தீங்கில்லாத இந்தப் பொருள் நாயின் உடம்பில் இன்சுலினைத் திடீரென்று ஏற்றி, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். கல்லீரலும் பாதிக்கப்படலாம். வேர்க்கடலை வாசம் வேண்டுமென்றால் உப்பில்லாமல் வறுத்த கடலையை வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் தட்டியது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்த பிறகு. கடலையில் வரும் பூஞ்சை நஞ்சை நாய் தாங்காது.

தேவையானவை

சுமார் 100 சின்ன பிஸ்கட்டுக்கு:

பரங்கிக்காய், தோல் விதையோடு 350 கிராம் (கூழாக்கி வற்றவைத்தால் 150 கிராம் கிடைக்கும்)
கோதுமை மாவு 150 கிராம்
கேழ்வரகு மாவு 100 கிராம்
முட்டை 1
தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன்

அவ்வளவுதான். உப்பு இல்லை, வெல்லம் இல்லை, தேனும் இல்லை. நன்றாக முற்றிய பரங்கிக்கு இயல்பாகவே இனிப்பு உண்டு, சுடும்போது அது இன்னும் எழும்பி வரும்.

உங்கள் நாய்க்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்றால் அந்த 150 கிராமுக்குப் பதில் அரிசி மாவோ ஓட்ஸ் பொடியோ போடலாம், உடையும் பதம் மட்டும் கொஞ்சம் மாறும். தோல் அரிப்பு, காதுச் சீழ் அடிக்கடி வருகிற நாய் என்றால் கோதுமையை மட்டும் சந்தேகப்படாமல் மாட்டிறைச்சி, பால், கோழி இவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாய்களின் உணவு ஒவ்வாமையில் அதிகம் தென்படுவது இந்த நான்கும்தான்.

கூழ்

பரங்கியைத் தோல் சீவி, விதையும் நாரும் நீக்கி இரண்டு அங்குலத் துண்டாக வெட்டுங்கள். இட்லிப் பானையில் தட்டின் மேல் வைத்து ஆவியில் 12 முதல் 15 நிமிடம். தண்ணீரில் போட்டு வேகவைக்கவோ குக்கரில் விசில் விடவோ வேண்டாம். அப்படிச் செய்தால் ஏற்கெனவே தண்ணீரான காய் மேலும் தண்ணீரைக் குடிக்கும், பிறகு அதை வெளியேற்ற நீங்கள்தான் மாடாய் உழைக்கவேண்டும்.

வெந்ததை மத்தால் மசித்து அடிகனமான வாணலியில் போட்டு, எண்ணெய் எதுவும் இல்லாமல் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் சளசளவென்று இருக்கும், ஓரத்தில் நீர் கசியும். ஏழெட்டு நிமிடத்தில் அந்தக் கசிவு நிற்கும், ஆவி குறையும், கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் அப்படியே நிற்கும். அல்வா பதம் வருவதற்குக் கொஞ்சம் முந்தின நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசில் 150 கிராம் வருகிறதா என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கிளறலாம், அல்லது மிச்சத்தைத் தனியாக எடுத்து வைக்கலாம். அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

மாவு

கேழ்வரகு மாவுக்குக் கோதுமை மாதிரி இழுக்கும் பசை கிடையாது. குளிர்ந்த கூழில் கலந்தால் மணல் போல உதிரும். சூட்டில்தான் அது பிடிக்கும், களி கிண்டியவர்களுக்கு இது தெரியும். அதனால் வாணலியை இறக்கியவுடன், கூழ் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே கேழ்வரகு மாவை மட்டும் அதில் கொட்டிக் கரண்டிக் காம்பால் கிளறி, மூடிவைத்துவிடுங்கள். பதினைந்து நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும். மாவு கருஞ்சிவப்பாக, கொழுக்கட்டை மாவுபோல ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

நன்றாக ஆறின பிறகு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசையுங்கள் (சூட்டில் ஊற்றினால் முட்டை அங்கேயே வெந்து திரியாகிவிடும்). பிறகு கோதுமை மாவும் எண்ணெயும். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வரவேண்டும். கையில் ஒட்டினால் ஒரு கரண்டி கோதுமை மாவு சேர்க்கலாம். 20 நிமிடம் ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள்.

முட்டை புழங்காத வீட்டில் அதற்குப் பதில் ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவைக் கால் கப் தண்ணீரில் கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சிச் சேருங்கள். அசைவம் புழங்கும் வீட்டில் வாசம் கூட்டவேண்டுமென்றால் கோழியை உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த தண்ணீர் இரண்டு ஸ்பூன் ஊற்றலாம், அந்த அளவுக்குக் கோதுமை மாவு கூடுதலாக எடுக்கும். பரங்கியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாய்கள் இருக்கின்றன, அவற்றுக்கு இது கைகொடுக்கும்.

திரட்டி வெட்டுதல்

மாவை இரண்டு உருண்டையாக்கி, பட்டர் பேப்பர் இரண்டுக்கு நடுவில் வைத்துத் திரட்டுங்கள். மூன்று ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கினால் வரும் கனம் சரியான அளவு. எல்லா இடத்திலும் ஒரே கனம் இருப்பது அழகுக்காக அல்ல. ஓரம் மெல்லியதாக, நடு தடியாக இருந்தால் ஓரம் கருகிவிடும், நடுவில் ஈரம் நின்றுவிடும். நின்ற ஈரம் நாலு நாளில் பூசணமாகும்.

எலும்பு வடிவ அச்சு கடையில் கிடைக்கிறது. நான் கத்தியால் தீபாவளிக் கலகலாவுக்கு வெட்டுகிற மாதிரி கோடு போட்டுவிடுகிறேன். ஒரு பக்கம் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். மாவு வீணாகாது, வேலையும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பழக்குவதற்காகக் கொடுக்கிறீர்கள் என்றால் இதிலும் கால்வாசி அளவு போதும்.

ஒவ்வொரு துண்டிலும் முள்கரண்டியால் இரண்டு குத்து. ஆவி வெளியேற அதுதான் வழி. தட்டில் அடுக்குவதற்கு முன் பச்சை மாவை மொத்தமாக எடை போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவுக்கு 450 கிராமை ஒட்டி வரும். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

சுடுவதும் காயவைப்பதும்

ஓடிஜி (கேக், பிஸ்கட் சுடும் சின்ன மின்சார அடுப்பு) இருந்தால் 160 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் முன்சூடு. தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி 15 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு 12 நிமிடம். சின்ன ஓடிஜியில் இரண்டு ஈடாகத்தான் முடியும். இந்த நிலையில் வெந்துவிட்டிருக்கும், வாசனையும் வீடு முழுக்க வந்துவிடும், நாயும் அடுப்படி வாசலில் வந்து படுத்திருக்கும். இங்கேதான் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதல் தடவை இங்கேதான் நிறுத்தினேன். ஐப்பசி மழைக்காலம். டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். ஐந்தாம் நாள் அடியில் இருந்த நாலைந்து பிஸ்கட்டில் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது. மேலே இருந்தவை பார்க்க நன்றாகத்தான் இருந்தன, ஆனாலும் டப்பா முழுவதையும் கொட்டினேன். பூசணத்தின் நஞ்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. பூசணம் பிடித்த உணவில் இருக்கும் சில நஞ்சுகள் நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் கொண்டுவரும்.

அதனால் வெந்த பிறகு சூட்டை 100 டிகிரிக்கு இறக்கி மேலும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை விடுங்கள். கதவில் ஒரு மரக்கரண்டிக் காம்பைச் செருகி விரலளவு இடைவெளி விட்டால் ஆவி வெளியே போகும். அடுப்பை அணைத்த பிறகும் உள்ளேயே ஆறட்டும்.

ஓடிஜி இல்லாதவர்கள் குக்கரில் உப்பைப் பரப்பி கேக் சுடுவதுபோல முயன்று பார்க்கத் தோன்றும். வேகும், ஆனால் மூடிய பாத்திரத்தில் ஆவி சுற்றிச் சுற்றி வந்து பிஸ்கட் மேலேயே இறங்கும். கனமான தோசைக்கல்தான் இதற்கு நல்லது. அடுப்பில் இருப்பதிலேயே சின்னத் தீ, மூடி போடாமல், ஆறேழு நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட்டு 40 நிமிடம். நின்று பார்க்கவேண்டிய வேலைதான். ஆனால் பதம் கைக்கே தெரியும்: ஆரம்பத்தில் திருப்பும்போது ரப்பர் மாதிரி வளையும், கடைசியில் கல்லில் தட்டினால் ஓடுபோலச் சத்தம் வரும். மறுநாள் வெயில் இருந்தால் மெல்லிய துணி மூடி மொட்டை மாடியில் நாலு மணி நேரம் வைத்து எடுங்கள். இது முழுக்க வெந்த பிஸ்கட்டுக்கு மட்டும். முட்டை சேர்ந்த பச்சை மாவை ஒருபோதும் வெயிலில் காயவைக்காதீர்கள்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு சோதனை. தடியாகத் தெரிகிற ஒன்றை எடுத்து உடையுங்கள். பட்டென்று உடையவேண்டும், உடைந்த இடத்தில் நடுவில் கருத்த ஈரக்கோடு தெரியக் கூடாது. இரண்டாவது, தராசு. 450 கிராம் பச்சை மாவு நன்றாகக் காய்ந்தால் 280 கிராமுக்கு இறங்கியிருக்கும். 320 காட்டினால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, திரும்ப அடுப்புக்குள் போகட்டும். கண்ணும் மூக்கும் ஏமாறலாம், தராசு ஏமாறாது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

எத்தனை நாள் வைக்கலாம்

கை சூடு துளியும் இல்லாமல் ஆறிய பிறகுதான் டப்பா. இளஞ்சூட்டில் மூடினால் மூடியின் உட்பக்கம் வேர்த்து, பட்ட பாடெல்லாம் வீண். 280 கிராமுக்கு இறங்கிய பிஸ்கட் ஈரம் புகாத டப்பாவில் வெளியே ஒரு வாரம், மழைக்காலத்தில் மூன்று நாள், ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம், ஃப்ரீசரில் மூன்று மாதம். பாதியை வெளியேயும் பாதியை ஃப்ரீசரிலும் வைப்பது என் வழக்கம். ஈரக் கையை டப்பாவுக்குள் விடாமல் இருப்பதும் முக்கியம், ஊறுகாய் ஜாடிக்கு இருக்கும் அதே ஒழுங்கு.

ஒரு நாளைக்கு எத்தனை?

தின்பண்டம் எதுவானாலும் ஒரு நாள் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மேலே சொன்ன அளவில் மாவு, முட்டை, எண்ணெய், பரங்கி எல்லாம் சேர்ந்து 1,000 கலோரியை ஒட்டி வருகிறது. நூறாக வெட்டினால் ஒன்றுக்கு 10 கலோரி.

நாய்க்கு எவ்வளவு தேவை என்பதைக் கைபேசிக் கணிப்பானிலேயே போடலாம். அது இருக்கவேண்டிய எடையை (இப்போது இருக்கும் எடையை அல்ல) மூன்று தடவை போட்டு ஒன்றோடொன்று பெருக்கி, வர்க்கமூலம் இரண்டு தடவை எடுங்கள். அதை 70-ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கத் தேவையான கலோரி. கருத்தடை செய்த, வளர்ந்த, சாதாரணமாக ஓடியாடும் நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்கவேண்டும். பொன்னிக்கு 14 × 14 × 14 என்றால் 2,744. வர்க்கமூலம் 52.4, அதன் வர்க்கமூலம் 7.24. எழுபதால் பெருக்கினால் 507, 1.6-ஆல் பெருக்கினால் 811. அதில் பத்தில் ஒரு பங்கு 81 கலோரி. அப்படியானால் நாளைக்கு எட்டு பிஸ்கட், அதுவும் அந்த 81-ஐச் சாப்பாட்டிலிருந்து குறைத்த பிறகு. எடை குறைக்கவேண்டிய காலத்தில் நான் நான்கோடு நிறுத்தினேன். இதே கணக்கில் 4 கிலோ பொமரேனியனுக்கு மூன்று, 30 கிலோ லாப்ரடாருக்குப் பதினான்கு.

இதில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்த விஷயம், பொன்னி துண்டின் அளவைப் பார்ப்பதே இல்லை. ஒன்றை நாலாக உடைத்து நாலு தடவை கொடுத்தால் நாலு தடவையும் அதே சந்தோஷம், அதே வாலாட்டம். நான்கு பிஸ்கட் பதினாறு தடவை ஆயிற்று. எட்டு மாதத்தில் 14.5-க்கு வந்தாள், பொறையை நிறுத்தியதும் சோற்றை அளந்து வைத்ததும் சேர்ந்து செய்த வேலை அது.

மீந்த கூழுக்கு: கத்திரி வெயில் கட்டி

மே மாதத்துக் கத்திரியில் பிஸ்கட்டைவிட இதுதான் எங்கள் வீட்டில் ஓடும். பரங்கிக் கூழ் மூன்று பங்கு, புளிக்காத கெட்டித் தயிர் ஒரு பங்கு, உப்பில்லாமல் அடித்து ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஆறு மணி நேரத்தில் கட்டியாகும். இங்கே கூழை வற்றவைக்கவேண்டாம், ஈரம்தான் இதற்கு வேண்டும். சின்ன நாய்க்குக் கட்டியை உடைத்துக் கொடுங்கள், முழுசாக விழுங்கினால் தொண்டையில் நிற்கும். பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்குத் தயிரும் சில சமயம் ஒத்துக்கொள்ளாது, அப்போது தயிரை விட்டுவிட்டுத் தண்ணீர் சேர்த்தால் போதும்.

மாவே வேண்டாம் என்பவர்களுக்குப் பரங்கி வற்றல். மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் சீவி, மூன்று நிமிடம் ஆவியில் காட்டி, ஓடிஜியில் 70 டிகிரியில் கதவை லேசாகத் திறந்து ஆறு முதல் எட்டு மணி நேரம். தோல் மாதிரி வளைந்து மெல்ல வரும். பல்லால் கடித்து இழுப்பதில் நாய்க்குப் பெரிய இன்பம். மின்கட்டணம் பார்த்தால் எப்போதாவதுதான் செய்ய மனம் வரும்.

யாருக்கு எச்சரிக்கை

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கணைய அழற்சி, சிறுநீர்க் கல் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். கல் இருக்கும் நாய்க்கு அதைத் தவிர்ப்பது நல்லது. பெரிதாக வளரும் இனத்துக் குட்டிகளுக்கும் சுண்ணாம்பு அளவுக்கு மீறினால் எலும்பு வளர்ச்சி கோணும், அதனால் அவற்றுக்குக் கேழ்வரகை விட்டுவிட்டுக் கோதுமையும் அரிசியுமாகச் செய்யுங்கள்.

முதல் நாள் யாருக்கானாலும் ஒன்றே ஒன்று. மறுநாள் மலத்தைப் பாருங்கள். லேசாக ஆரஞ்சு நிறம் தெரிந்தால் பயப்படவேண்டாம், அது பரங்கியின் நிறம். இளகியிருந்தால் இரண்டு நாள் நிறுத்தி, அரைத் துண்டிலிருந்து தொடங்குங்கள். அரிப்போ வாந்தியோ வந்தால் நிறுத்திவிடவேண்டியதுதான்.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பதின்மூன்று வயது சிப்பிப்பாறை ஒன்று இருக்கிறது. கடைவாய்ப் பல் பாதி போய்விட்டது. ஒவ்வொரு ஈட்டிலும் பத்து பிஸ்கட் அதற்கு என்று தனியாக எடுத்துவைப்பேன். பாட்டி இரண்டை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, கேழ்வரகு ஊறி மறுபடி கூழாகும் வரை பத்து நிமிடம் வைத்து, உள்ளங்கையிலேயே நீட்டுவார். அது கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், கை முழுவதையும் நக்கி முடிக்கும்.